இஞ்சுக்குப் பதினெட்டு மரை

அளவுப் பட்டியலில் பதினோராவது கட்டம் காலியாக இருந்தது.

வேறு யாராவது என்றால் கண்டும் காணாமல் விட்டிருப்பார்கள். குண்டூசியின் கணவர் அப்படியில்லை. பதிப்பகத்தில் பிழை திருத்துபவர். இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் எழுத்தில் காலும் கொம்பும் தேடியவர். காலிக் கட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"இடது முன் சக்கரம், பால் ஜாயிண்ட், மரை அளவு. இதுக்கு நேரா ஒண்ணும் இல்லையே."

"வலது பக்கத்துக்கு என்ன எழுதியிருக்கீங்களோ, அதையே எழுதுங்க." காருக்கு அடியிலிருந்து குண்டூசியின் குரல் மட்டும் வந்தது.

"அளந்து பார்த்தியா?"

"ரெண்டும் ஒரே கடையில ஒரே நாள்ல வாங்கினது."

"நானும் என் தம்பியும் ஒரே வீட்டுல பிறந்தவங்க. சட்டை அளவு ஒண்ணா?"

குண்டூசி காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். எழுந்து நின்றாள். நின்றதும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாலடி ஏழு அங்குலம். அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது யார் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. ஏன் வைத்தார்கள் என்பதை அவளோடு ரெண்டு நிமிஷம் பேசியவர்கள் புரிந்துகொள்வார்கள்.

தொழில், பல்செட் செய்வது. வீட்டின் முன்னறைதான் லேப். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத வாய்களுக்கெல்லாம் பல் கட்டிக்கொடுப்பாள். பின்னால் இருக்கும் ஷெட்டில் ஐந்து வருஷமாக ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தாள்.

காரணம் சுலபம். கடையில் கிடைக்கும் எந்தக் காரிலும் அவள் கால் பிரேக்குக்கு எட்டாது. இருக்கையை முன்னால் இழுத்தால் ஸ்டீயரிங் நெஞ்சில் இடிக்கும். தலையணை போட்டு உட்கார்ந்து ஓட்டிய காலத்தில், ஒரு வளைவில் தலையணை ஒரு பக்கம் போயிற்று, அவள் ஒரு பக்கம் போனாள், கார் ஒரு தபால் பெட்டியைப் பார்க்கப் போயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னது இதுதான்: "ஊர்ல இருக்கிற வாய்க்கெல்லாம் அளவெடுத்துச் செய்யறேன். எனக்கு அளவெடுத்து ஒரு வண்டி செஞ்சுக்க முடியாதா?"

செய்தாள். இரண்டே இருக்கை. எஞ்சின் ஒரு பழைய காரிலிருந்து, ஸ்டீயரிங் ரேக் ஒரு பழைய வேனிலிருந்து, கதவுப் பிடி ஒரு குளிர்சாதனப் பெட்டியிலிருந்து. ஆனால் பெடல் மூன்றும் அவள் பாதத்துக்கு எதிரே, வைத்தது வைத்த இடத்தில்.

இப்போது வேண்டியது ஒரு கையெழுத்துதான். வீட்டில் கட்டிய வண்டி தெருவில் ஓட வேண்டும் என்றால் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து பரிசோதகர் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அவர் ஏற்கெனவே இரண்டு முறை வந்துவிட்டார். கையில் ஒரு குட்டிச் சுத்தியலோடு வருவார். வண்டியில் உள்ள சகலத்தையும் தட்டிப் பார்ப்பார். அதனால் இந்த வீட்டில் அவருக்குச் சுத்தியல் என்றே பெயர். முதல் முறை, ஹாரன் சத்தம் போதவில்லை என்று போனார். இரண்டாம் முறை, ஸ்டீயரிங் பாகங்கள் ஒவ்வொன்றின் மரை அளவையும் எழுத்தில் தரவில்லை என்று போனார். மூன்றாம் முறை இன்று, மாலை நாலு மணிக்கு.

மூன்றாவதிலும் தவறினால் மனு ரத்து. புது மனு போடலாம், தடையில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து புது விதி. புது விதிப்படி வீட்டில் கட்டிய வண்டிக்கும் நாலு ஏர் பேக் வேண்டும். குண்டூசியின் காரில் நாலு ஏர் பேக் வைத்தால் ஆள் உட்கார இடம் இருக்காது. ஆக, இன்றைக்கு ஆனால் கார். ஆகாவிட்டால் ஷெட்டில் கிடக்கப்போகும் ஒரு பெரிய அலமாரி.

"சரி, கழட்டிப் பார்த்துடறேன். அஞ்சு நிமிஷ வேலை" என்றாள்.

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, ரேக் என்கிற நீளப் பெட்டிக்குள்ளிருந்து இரண்டு பக்கமும் கம்பி நகரும். கம்பியின் நுனியில் மரை வெட்டியிருக்கும். அதன்மேல் தொப்பி மாதிரித் திருகி மாட்டுவதுதான் பால் ஜாயிண்ட். சக்கரத்தைப் பிடித்துத் திருப்புவது அந்த மூட்டுதான். அது கழன்றால் ஸ்டீயரிங் இடப்பக்கம் போகச் சொல்லும், சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும்.

வலது பக்கத்து ஜாயிண்ட்டை விரலால் கழற்றி, விரலால் மாட்டியிருந்தாள். இடது பக்கம் அசையவில்லை. ஸ்பேனர் போட்டாள். ஸ்பேனருக்கு ஒரு குழாயை மாட்டி நீட்டினாள். கடைசியில் குழாய்மேல் ஏறி நின்றாள். நாலடி ஏழு அங்குலம் மொத்தமும் ஏறி நின்ற பிறகு, 'கிறீச்' என்று பல்லைக் கடிக்கும் சத்தத்தோடு அது சுழன்றது.

ஐந்து சுற்றில் கையோடு வந்துவிட்டது. கூடவே, தலைமுடி மாதிரி மெல்லிய இரும்புச் சுருள் நாலைந்து தரையில் விழுந்து மினுங்கியது.

கணவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். "இது இருக்க வேண்டியதா?"

குண்டூசி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "உங்க தம்பியைக் கூப்பிடுங்க" என்றாள்.

கொழுந்தன் இரண்டு தெரு தள்ளி லேத் பட்டறை வைத்திருந்தான். ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். கம்பியைப் பார்த்தான், ஜாயிண்ட்டைப் பார்த்தான், தரையில் கிடந்த சுருளை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு மிக மரியாதையாகக் கேட்டான்.

"அண்ணி, மாட்டும்போது டைட்டா இருந்துச்சா?"

"ஆமா. முதல் சுத்தே கொஞ்சம் பிடிப்பாத்தான் போச்சு. மூணாவது சுத்துல நல்லாவே இறுகிச்சு. பரவாயில்லையே, வலதைவிட இது நல்லா உட்காருதேன்னு நினைச்சேன்."

"நல்லா உட்காருதா?"

"பிடிப்பா இருந்தாத்தானே நல்ல பொருத்தம்?"

கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அது பல்செட்டுக்கு, அண்ணி. மரைன்னா விரல்லயே வழுக்கிட்டுக் கடைசி வரைக்கும் போகணும். அதுக்கப்புறம் அது கழலாம இருக்கப் பின்னால இருக்கிற லாக் நட்டை இறுக்கினா போதும். நடுவுல இறுகுதுன்னா, ரெண்டுக்கும் ஆகலைன்னு அர்த்தம். உங்க தொழில்ல தப்பு நடந்தா ஒருத்தர் கஞ்சி குடிச்சுட்டுப் படுத்துப்பாரு. இதுல தப்பு நடந்தா ஊரே வேடிக்கை பார்க்கும்."

"வாங்கும்போது அளந்தேன், தம்பி. ரெண்டு ஓட்டையிலயும் வெர்னியர் விட்டுப் பார்த்தேன். பதினாலரை, பதினாலரை. தலைமுடி வித்தியாசம்கூட இல்லை."

"வித்தியாசம் இருக்காது. அதான் வம்பே. மில்லிக் கணக்குல பதினாறு மில்லி மரைன்னு ஒண்ணு இருக்கு. இன்ச் கணக்குல அஞ்சு பை எட்டுன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் ஓட்டை ஏறக்குறைய ஒரே அளவு. புரிக்குப் புரி இடைவெளிதான் வேற. இது ஒன்றரை மில்லி. அது இஞ்சுக்குப் பதினெட்டுப் புரி, ஒன்றரைக்குக் கொஞ்சம் கம்மி. முதல் புரி ஒத்துப்போகும், ரெண்டாவது முணுமுணுக்கும், மூணாவது சண்டைக்கு வரும்."

"இது இன்ச்தான்னு நிச்சயமாச் சொல்றியா?"

கொழுந்தன் பையிலிருந்து, புரி இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜை எடுத்தான். சீப்பு மாதிரிப் பல் வெட்டிய தகடுகள், விசிறி மாதிரி விரியும். கம்பியின் மேல் ஒன்றரைத் தகட்டை வைத்தான். பல்லோடு பல் கச்சிதமாக உட்கார்ந்தது. கம்பி மில்லி, அதில் சந்தேகமில்லை. ஜாயிண்ட்டின் ஓட்டைக்குள் தகட்டை விட்டு டார்ச் அடித்தான். தலையை இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான்.

"உள்ள இருட்டு. தகடு உட்காருதா, உட்காருற மாதிரி நடிக்குதான்னு தெரியலை. இன்ச் போல்ட் ஒண்ணு இருந்தா விட்டுப் பார்க்கலாம். என் பட்டறையில இன்ச் போல்ட்டே கிடையாது."

"பார்க்காம எழுத மாட்டேன்" என்றார் கணவர், யாரும் கேட்காமலேயே.

குண்டூசி ஜாயிண்ட்டைப் பிடுங்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். எட்டிப் பார்க்க முடியாத இருட்டுக் குழிக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதானே அவள் பிழைப்பு. வேலை மேஜை விளக்கைப் போட்டாள். ஓட்டையைப் பல் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, ஒட்டாமல் இருக்க வாசலின் தடவினாள். ரப்பர் கையுறையைக் கழற்றி எறிந்தாள். ரப்பர் பட்டால் அச்சுப் பசை இறுகாது. மெல்லிய பசையைச் சிரிஞ்சில் ஏற்றி, காற்றுக் குமிழி சிக்காமல் அடியிலிருந்து மேல்வரை நிரப்பினாள். நடுவில் ஒரு கம்பித் துண்டைக் குத்தி நிறுத்தினாள்.

"அஞ்சு நிமிஷம். வாயை மூடாதீங்க, துப்பாதீங்க" என்றாள் பழக்க தோஷத்தில். அவள் எந்த வாயையும் நேரில் பார்த்ததில்லை என்றாலும், டாக்டர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறாள்.

ஐந்து நிமிஷத்தில் கம்பியைப் பிடித்து மெதுவாகத் திருகினாள். நீல நிறத்தில் ரப்பர் திருகாணி ஒன்று சுழன்று சுழன்று வெளியே வந்தது. வாய்ப்பக்கத்துப் புரிகள் நசுங்கிக் கூழாகியிருந்தன. உள்ளே இருந்தவை பளிச்சென்று பதிந்திருந்தன. ரேக் கம்பி எட்டாத ஆழம் அது.

கொழுந்தன் ஒன்றரைத் தகட்டை வைத்தான். ஒரு முனை உட்கார்ந்தால் மறுமுனை எழும்பியது. இன்ச் கேஜை எடுத்து, பதினெட்டு என்று எழுதிய தகட்டை வைத்தான். கதவுத் தாழ்ப்பாள் விழுந்த மாதிரி உட்கார்ந்தது. குண்டூசி விடவில்லை, வெர்னியரால் பத்துப் புரிக்கு எவ்வளவு என்று அளந்தாள். பதினைந்து வந்திருக்க வேண்டும். பதினாலு புள்ளி ஒன்று வந்தது.

மூன்று பேரும் ஒரு ரப்பர் திருகாணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மணி பத்தே முக்கால்.

கொழுந்தன்தான் முதலில் தொண்டையைச் செருமினான். "ஒரு வழி இருக்கு. அண்ணன் காதைப் பொத்திக்கட்டும்."

"சொல்லு, நான் கேட்கலை" என்றார் அண்ணன்.

"இதையே திரும்ப மாட்டிடுவோம். கட்டத்துல பதினாறு மில்லின்னு எழுதிடுவோம். சுத்தியல் வெளியில தட்டிப் பார்ப்பாரே தவிர உள்ள எட்டிப் பார்க்கப் போறதில்லை. கையெழுத்து வாங்கிட்டு, நாளைக்குக் காலையில நிதானமா வேற மாத்திக்கலாம்."

குண்டூசி உடனே மறுத்தாள் என்று எழுதினால் அது பொய். அவள் யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள். ஐந்து வருஷம், இரண்டு ஃபெயில், நாலு ஏர் பேக். கையெழுத்துக்கும் அவளுக்கும் நடுவே இருந்தது ஒரு கட்டமும் ஒரு பேனாவும்தான்.

"தெருவுல ஓட்டிப் பார்ப்பாரே. பக்கத்துல உட்கார்ந்துட்டு வருவாரே."

"மெதுவா ஓட்டுங்க. இருபதுக்கு மேல போகாதீங்க. ஒரு ரவுண்டு தாங்கும்."

"அவர் நாலரைக்குப் போயிடுவாரு. அதுக்கப்புறம் நாளைக்குக் காலை வரைக்கும் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு, வண்டியைத் தொடாம நான் உட்கார்ந்திருப்பேன்னு நினைக்கிறியா?"

கொழுந்தன் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தான். ஏற இறங்க என்பதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. "மாட்டீங்க" என்று ஒப்புக்கொண்டான்.

"அப்ப வேற வழி பாரு."

வழி என்றால் ஒன்றுதான்: வேறு ஜாயிண்ட். அதை வாங்கிய பழைய சாமான் கடை ஊரின் மறுகோடியில் இருந்தது. இரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள். இந்த முறை வெர்னியரை நம்பிப் போவதாக இல்லை. கொழுந்தன் பட்டறைக்குப் பறந்தான். அரை மணியில் லேத்தில் ஒரு போல்ட் கடைந்துகொண்டு வந்தான். பதினாறு மில்லி, ஒன்றரை மரை, ரேக் கம்பியின் அச்சு அசல்.

"இது விரல்ல கடைசி வரைக்கும் போனா வாங்குங்க. ஸ்பேனர் கேட்டா விட்டுட்டு வந்துடுங்க. நான் இங்க கம்பி மரையைச் சரி பண்றேன்."

"கம்பி கெட்டுப்போச்சா?"

அவன் அவளுடைய பெரிதாக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பியைப் புரி புரியாகப் பார்த்தான். "கம்பி கெட்டி. செதில் எல்லாம் ஜாயிண்ட்டோடது. முனையில மூணு புரிக்கு லேசா சிராய்ப்பு, அவ்வளவுதான். விரிசல் இருந்தா நானே விட மாட்டேன்."

குண்டூசி பழைய ஜாயிண்ட்டையும், போல்ட்டையும், பல் பிரஷ்ஷையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

*

கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்து, விசிறிக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் கார்களின் கை, கால், குடல் எல்லாம் மலைமலையாகக் குவிந்திருந்தன.

"சக்கரத்துல மாட்டுற இந்தத் தண்டு இப்படியே இருக்கணும். ஆனா மரை மட்டும் மில்லி மரையா வேணும்" என்று பழையதை நீட்டினாள்.

"எல்லாம் ஒண்ணுதான்மா."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க."

"பார்த்தீங்களா? நான் பேச்சு மாறவே மாட்டேன்."

அவர் காட்டிய டப்பாவுக்குள் குண்டூசி பாதி உடம்பை விட்டாள். முதல் ஜாயிண்ட்டில் போல்ட் நுழையவேயில்லை. இரண்டாவதில் கலகலவென்று ஆடியது. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது மூன்றும் அதே முணுமுணுப்பு. மூன்றாம் சுற்றில் சண்டை. ஆறாவதில் மரையே இல்லை, துருதான் இருந்தது. ஏழாவதில் ஒரு சிலந்தி இருந்தது, அதுவும் கோபமாக.

போன் அடித்தது. கணவர்.

"சுத்தியல் வந்தாச்சு."

"மணி ஒண்ணே கால்தானே ஆகுது? நாலு மணின்னுதானே..."

"முன்னாடி பார்க்க வேண்டிய வண்டி பத்து நிமிஷத்துல ஃபெயிலாயிடுச்சாம். வெயில்ல எங்க சுத்தறதுன்னு நேரா இங்க வந்துட்டாரு. வண்டி ஜாக்கி மேல நிக்குது. இடது சக்கரம் சுவர்ல சாய்ஞ்சு நிக்குது."

"என்ன சொன்னீங்க?"

"நடந்ததைச் சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

"எதைச் சொல்லக் கூடாதுன்னு நீ சொல்லிட்டுப் போகலையே."

குண்டூசி கண்ணை மூடித் திறந்தாள். "அவரை உட்கார வைங்க. டீ கொடுங்க. எங்கயும் போக விடாதீங்க." போனை வைத்துவிட்டு மறுபடி டப்பாவுக்குள் விழுந்தாள்.

ஒன்பதாவது ஜாயிண்ட்டில் போல்ட் நுழைந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, நாலு சுற்று. ஐந்தாவதில் நின்றது.

"இறுக்கிப் போடுங்கம்மா. போயிடும்" என்றார் கடைக்காரர், விசிறியிலிருந்து முகத்தை எடுக்காமல்.

காலையில் என்றால் இறுக்கியிருப்பாள். இப்போது போல்ட்டைத் திருப்பி எடுத்தாள். அதன் புரிகளில் இரும்புச் சுருள் இல்லை. காய்ந்த கறுப்பு அழுக்குதான் இருந்தது. பல் பிரஷ்ஷை எடுத்து ஓட்டையைத் தேய்த்தாள். கடைக்காரரின் தையல் மிஷின் எண்ணெய்ப் புட்டியைக் கேட்காமல் எடுத்து இரண்டு சொட்டு விட்டாள். மீண்டும் போல்ட்டை வைத்து, ஒரே விரலால் தட்டிவிட்டாள். அது சுழன்றுகொண்டே போய் அடியில் 'டக்' என்று முட்டியது.

கடைக்காரர் முதல் முறையாக விசிறியை விட்டுத் திரும்பினார். "அட, இது வேற மாதிரி போகுதே" என்றார்.

*

இரண்டே காலுக்கு அவள் ஷெட்டுக்குள் ஓடி வந்தபோது, சுத்தியல் அவளுடைய முக்காலியில் உட்கார்ந்து மடியில் படிவத்தை விரித்திருந்தார். ஆறடிக்குமேல் உயரம், முக்காலியோ அவள் அளவு. முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் இருந்தன. மூன்று காலி டீக் கிளாஸ் வரிசையாக இருந்தது. கணவர் காவலுக்கு நிற்பவர் போல வாசலை மறித்து நின்றார்.

"வாங்கம்மா. எனக்குச் சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் சுத்தியல். குரலில் கஷ்டம் எதுவும் தெரியவில்லை. "பரிசோதகர் வரும்போது வண்டி முழுசா இருக்கணும். அது விதி. நான் வரும்போது சக்கரம் சுவர்ல இருந்துச்சு. ஃபெயில்னுதான் எழுதணும்."

குண்டூசிக்கு மூச்சு வாங்கியது. ஜாயிண்ட் இருந்த பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள். அவர் உட்கார்ந்திருந்ததால் கண்ணுக்குக் கண் நேராக இருந்தது.

"உங்க ஆபீஸ் கடிதத்துல எத்தனை மணி போட்டிருக்கு, சார்?"

சுத்தியல் பதில் சொல்வதற்குள் கணவர் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, விரித்து, சம்பந்தப்பட்ட வரியின் கீழ் விரலை வைத்து நீட்டினார். "நாலு மணி. எண்ணாலயும் இருக்கு, எழுத்தாலயும் இருக்கு."

"இப்ப ரெண்டே கால். அப்படின்னா நீங்க இன்னும் வரலை, சார்" என்றாள் குண்டூசி.

கொழுந்தன் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். சுத்தியல் கடிதத்தைப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் படித்தார். அவர் கையெழுத்துதான்.

"சரி" என்றார் கடைசியில். "நான் இன்னும் வரலை."

கால்களை ஒரு மாதிரி மடக்கிச் சரிசெய்துகொண்டு, செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

வராத மனிதர் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருக்க, வேலை ஆரம்பமாயிற்று. சிராய்ப்புகளைத் தேய்த்து நீக்கியிருந்த கம்பியில் குண்டூசி ஜாயிண்ட்டை வைத்தாள். விரலால் திருகினாள். சத்தமே இல்லை. இந்தப் பக்கம் இத்தனை நாள் இருந்த இறுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வழவழவென்று போனது. இதுதான் சரி என்று தெரிந்தும், கையில் பிடிப்பு இல்லாதது அவளுக்குப் பயமாகவே இருந்தது. ஜாயிண்ட்டின் தண்டைச் சக்கரத்தோடு சேர்ந்த இரும்புக் கையில் நுழைத்து நட்டுப் போட்டாள். நட்டு கழலாமலிருக்க ஒரு ஊசியைக் குத்தி மடக்கினாள். சக்கரத்தைத் தூக்கி மாட்டினார்கள். காரின் இரண்டு பக்கமும் நூல் கட்டி, முன்சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அளந்தார்கள். இல்லை. கம்பியை அரைச் சுற்றுத் திருப்பினார்கள். மறுபடி அளந்தார்கள். இன்னொரு கால் சுற்று.

"ஆச்சு. இறக்கிடலாம்" என்றான் கொழுந்தன்.

செய்தித்தாள் அசையவில்லை. அதன் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் இங்க இருந்திருந்தா, லாக் நட்டு இன்னும் லூசா இருக்குன்னு சொல்லியிருப்பேன்."

கொழுந்தன் முகத்தில் அசடு வழிந்தது. குண்டூசி ஸ்பேனரை எடுத்து லாக் நட்டை இறுக்கினாள். இந்த முறை இறுக்கம் வர வேண்டிய இடத்தில் வந்தது.

மேஜையில், கணவர் அளவுப் பட்டியலின் பதினோராவது கட்டத்தை நிரப்பினார். பதினாறு மில்லி, ஒன்றரை. எழுதிவிட்டு அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "பார்த்துட்டுத்தான் எழுதினேன்" என்று சொல்லிவிட்டுப் பேனா மூடியைப் போட்டார்.

சரியாக நாலு மணிக்குச் சுத்தியல் எழுந்தார். ஒவ்வொரு முழங்காலாக நீட்டினார். ஷெட்டுக்கு வெளியே போனார். பிறகு உள்ளே வந்தார்.

"வணக்கம். பரிசோதனைக்கு வந்திருக்கேன்."

"வாங்க சார்" என்றார்கள் மூன்று பேரும்.

தட்டினார். எல்லாவற்றையும் தட்டினார். கதவைத் தட்டினார், அச்சைத் தட்டினார், குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியைத் தட்டிவிட்டு ஒரு முறை திறந்து மூடினார். ஹாரனை அடித்தார், பக்கத்து வீட்டில் எதுவோ கீழே விழுந்தது. இடது சக்கரத்தின் அருகே மண்டியிட்டு வெகுநேரம் இருந்தார்.

"கடைசியா மாட்டினது இதுதானே? லாக் நட்டைத் தளர்த்தி ஜாயிண்ட்டைக் கழட்டுங்க. என் எதிர்ல, விரலால திரும்ப மாட்டுங்க."

கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். குண்டூசி கண்ணால் அடக்கினாள். நூல் கட்டி அளந்தது எல்லாம் வீண் ஆகாமலிருக்க, லாக் நட்டு நின்ற இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். கழற்றினாள். திருப்பி மாட்டினாள். சுத்தியல் உதட்டசைத்துச் சுற்றுகளை எண்ணினார். ஐந்தில் அவர் அவள் விரலைப் பார்த்தார். எட்டில், பத்தில், பன்னிரண்டில். பதினாலாவது சுற்றில் ஜாயிண்ட் கோட்டைத் தொட்டு நின்றது.

"முன்னாடி இருந்தது எத்தனை சுத்து போச்சு?"

"அஞ்சு, சார். குழாய் போட்டு இறுக்கி அஞ்சு."

சுத்தியல் எழுந்தார். மேஜைக்குப் போனார். நீல ரப்பர் திருகாணியை எடுத்து, கூழாகிப்போன முதல் ஐந்து புரிகளை நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஆபீஸ்ல காட்டணும். அங்க எல்லாரும் டைட்டா இருந்தா நல்லதுன்னுதான் நினைச்சிட்டிருக்காங்க."

லாக் நட்டையும் மற்றதையும் மறுபடி இறுக்கியதும், அடுத்தது தெரு. சுத்தியல் பக்கத்து இருக்கையில் நுழைந்தார். நுழைந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கொழுந்தன் தோளைப் பிடித்து அழுத்த, கணவர் ஒரு காலை மடக்கி உள்ளே வைத்தார்.

குண்டூசி உட்கார்ந்தாள். தலையணை இல்லை. இரண்டு பாதமும் பெடலில் முழுசாகப் பதிந்தன. சாவியைத் திருப்பினாள்.

தெருமுனை வரை நேர்ப்பாதை. அதுவரை பயமில்லை.

"இடப்பக்கம் திரும்புங்க" என்றார் சுத்தியல், முழங்கால்களுக்கு நடுவிலிருந்து.

திருப்பினாள். கையில் ஒரு எதிர்ப்பும் இல்லை, ஒரு தட்டலும் இல்லை. சக்கரம் அவள் சொன்ன பக்கம், சொன்ன அளவுக்குப் போயிற்று. மறுபடி ஒரு இடது. வேகத்தடை ஒன்று, அதில் சுத்தியலின் தலை கூரையைத் தட்டியது. அன்றைக்கு அவர் தட்டாமல் விட்டிருந்த ஒரே பாகம் அதுதான். இன்னொரு இடது. பிரேக் போடச் சொன்னார், போட்டாள். நின்றது.

வீட்டு வாசலில் அவரை வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. நிமிர்ந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, காரின் முன்மூடியின் மேல் படிவத்தை வைத்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கணவர் தேதி சரியா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டு விடட்டுமா, சார்?" என்று கேட்டாள் குண்டூசி.

சுத்தியல் அந்த இருக்கையைப் பார்த்தார். தன் முழங்காலைப் பார்த்தார்.

"நடந்தே போயிடறேன்மா. உடம்புக்கு நல்லது."

அவர் தெரு திரும்புவதற்குள் அண்ணனும் தம்பியும் இருந்த ஒற்றை இருக்கைக்கு யார் முதல் என்று வழக்காட ஆரம்பித்திருந்தார்கள். கடைந்த போல்ட் யாருடையது என்றான் தம்பி. கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தது யார் என்றார் அண்ணன். இரண்டு பேரும் அவளைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிடத் திரும்பியபோது, காரைக் காணோம்.

அது தெருமுனையில் இருந்தது. விளக்கு ஒன்று கண் சிமிட்டியது, இடப்பக்கம் போகப்போவதாக.